விலக்கும் விலக்கலும்: புதுக்கோட்டையின் வீட்டு வரி பற்றிச் சில குறிப்புகள்

'வரி விலக்கு' என்ற தொடரைச் சலுகை என்ற ஒரே பொருளில்தான் நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆனால் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் 'விலக்கு' என்பதற்கு இன்னொரு பொருள் உண்டு. கோயில் திருவிழா வருகிறது. ஊர் கூடித் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறது. ஊரோடு முறைத்துக்கொண்ட ஒரு குடும்பத்தைத் தண்டிக்க வேண்டுமென்றால் அதற்குக் கூடுதல் வரி போடுவதில்லை. வரியே வாங்குவதில்லை. "ஒங்க வரி எங்களுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. அந்த வீட்டுக்கு இனி மரியாதை இல்லை, பிரசாதம் இல்லை, தேர்வடத்தில் கை வைக்க இடமில்லை. தலித் மக்களிடம் தலைக்கட்டு வரி வாங்க மறுக்கிற ஊர்கள் உண்டு. அங்கெல்லாம் எழுகிற கோரிக்கை 'எங்களிடமும் வரி வாங்கு' என்பதுதான். வரி கட்டும் உரிமைக்காகச் சண்டை! பொருளாதாரப் பாடநூல்களில் இதற்கு இடமில்லை. ஆனால் வரி என்பது காசை வாங்குவது மட்டுமல்ல, ஆளைக் கணக்கில் எடுத்துக்கொள்வதும்தான் என்பது ஊர்க்காரர்களுக்கு எப்போதும் தெரிந்தே இருக்கிறது.

குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்குச் சொத்து வரியில் சலுகை வேண்டும் என்ற பேச்சை இந்த இடத்திலிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குப் படுகிறது. சலுகை வேண்டும். அதில் தகராறு இல்லை. எந்த வடிவத்தில் என்பதில்தான் பிரச்சினை. சுமையைக் குறைத்துப் பெயரைப் பதிவேட்டில் வைத்திருக்கிற சலுகை ஒன்று. சுமையோடு சேர்த்துப் பெயரையும் அடித்துவிடுகிற சலுகை மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். வரியிலிருந்து விடுபடுவது இந்த மண்ணில் ஏழைக்கு உரியதாக இருந்ததில்லை. கல்வெட்டுகளில் 'இறையிலி' என்ற சொல் வருகிறது. கோயிலுக்கு விட்ட நிலம் இறையிலி, பிராமணர்க்கு விட்ட நிலம் இறையிலி. இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள், ஊர்களின் மொத்த நிலத்தைச் சொல்லிவிட்டு அதிலிருந்து வரி கொடுக்காத இடங்களைக் கழிக்கின்றன. ஊர் நத்தம், கோயில்கள், குளம், வாய்க்கால், கம்மாளச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று போகிறது அந்தப் பட்டியல். குடியிருக்கும் இடம் விளையாத இடம், ஆகவே வரி இல்லை என்பதே அதன் தர்க்கம். கருணை என்று அதைப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் ஊரும் சேரியும் இந்த ஒரு விஷயத்திலாவது ஒரே பட்டியலில் இருந்தன என்பதைக் கவனிக்கலாம். (வேறு கல்வெட்டுகளில் மனையிறை, தறியிறை எல்லாம் வருகின்றன. ஆகவே பொற்காலக் கனவு எதுவும் வேண்டாம்.)

தொண்டைமான்களின் புதுக்கோட்டைக்கு வந்தால் படம் மாறுகிறது. நிக்கலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியிட்ட நூல் இந்தச் சிற்றரசைப் பற்றியதுதான். சாகுபடி நிலத்தில் பெரும்பகுதி இனாமாகவே இருந்தது என்பது அவர் வாதத்தின் அடித்தளம். போர்த் தலைவர்கள், அரண்மனைக் காவலர்கள், கோயில்கள், பிராமணர்கள், ஊர் ஊழியர்கள் என்று பலருக்கும் மானியம். முழு வரி கட்டிய நிலம் சிறுபான்மை. அரசனுக்கும் உனக்கும் உள்ள உறவு நெருக்கமானது என்பதன் அடையாளமே உன் நிலத்துக்கு வரி இல்லாமை. அதாவது விலக்கு என்பது கௌரவம். 1888 இனாம் செட்டில்மெண்ட் இந்த உறவைக் காசுக் கணக்காக மாற்றிப் பட்டியலில் ஏற்றியது. 1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974இல் மாவட்டம் உருவானது. தொண்டைமானின் அரண்மனையில் இப்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குகிறது. திங்கட்கிழமை மனு நாளில் வரிசையில் நிற்கிற ஜனங்கள் அந்த அரண்மனையின் வாசலில்தான் நிற்கிறார்கள்.

நகராட்சிச் சட்டங்கள் தரும் விலக்குப் பட்டியலிலும் பழைய தர்க்கத்தின் சாயல் தெரிகிறது. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் வழிபாட்டிடம், சத்திரம், கல்விக்கூடம், தர்ம ஆஸ்பத்திரி, சுடுகாடு, புராதனச் சின்னம் போன்றவற்றுக்கு வரி விலக்கு அளித்தது. கட்டடம் எதற்குப் பயன்படுகிறது என்பதே இங்கே கேள்வி. உள்ளே இருப்பவர் என்ன சம்பாதிக்கிறார் என்பதல்ல. கடவுளும் இறந்தவரும் உடனே அடையாளம் காணப்படுகிறார்கள். அரை வயிற்றோடு உயிரோடு இருப்பவர் அப்படிக் காணப்படுவதில்லை.

வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நகரத்தில் அடிப்படை 'ஆண்டு வாடகை மதிப்பு'. இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன கிடைக்கும் என்று தெரு, பரப்பு, வயது, உபயோகம் பார்த்துக் கணக்கிட்டு, அதில் ஒரு பங்கை அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குவது. நீங்கள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள், யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. இருந்தாலும் ஒரு கற்பனை வாடகைக்காரர் உங்களோடு குடியிருக்கிறார். அவர் மாதந்தோறும் சரியாக வாடகை தருகிறார். அந்த வருமானத்திலிருந்து நீங்கள் வரி கட்ட வேண்டும். ஓய்வூதியம் இல்லாத கிழவர், புருஷனை இழந்தவர், கை ஒடிந்து வேலைக்குப் போகாத கொத்தனார், இவர்களெல்லாரும் இந்தக் கற்பனை மனிதரின் வீட்டு உரிமையாளர்கள். கையில் காசில்லாத ஒருவரைக் காசுள்ளவராகப் பாவித்து ஒரு தொகையை எழுதுவது வரியியலின் தேர்ந்த புனைவு. நாம் புனைவு என்றால் சிறுகதையை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கிராமத்தில் இவ்வளவு நுணுக்கம் கிடையாது. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் ஊராட்சி வீட்டு வரி விதிக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள், 497 ஊராட்சிகள். அங்கே பார்ப்பது இரண்டைத்தான்: எத்தனை சதுர அடி, மேலே என்ன கூரை. கீற்றுக்கு ஒரு விகிதம், ஓட்டுக்கு ஒன்று, காங்கிரீட்டுக்கு ஒன்று. கூரையைப் பார்த்தால் வீட்டுக்காரரின் நிலைமை தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை இதில் இருக்கிறது. ஒரு காலத்தில் அது ஏறக்குறைய உண்மையாகவும் இருந்தது. மச்சு வீட்டுக்காரர், ஓட்டு வீட்டுக்காரர், குடிசைக்காரர் என்று ஜனங்களே ஒருவரையொருவர் அப்படித்தான் அடையாளம் சொன்னார்கள்.

இப்போது அந்தக் குறி பொய் சொல்கிறது. கூரையை மாற்றியது வருமானமல்ல, அரசு. இந்திரா நினைவுக் குடியிருப்பு, 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011இல் 300 சதுர அடிப் பசுமை வீடு, 2016இலிருந்து பிரதமர் வீட்டு வசதித் திட்டம், 2024இல் 360 சதுர அடிக் கலைஞர் கனவு இல்லம். இவையனைத்தும் குடிசையைக் காங்கிரீட்டாக மாற்றுவதற்கானவை. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. கூரை போனது மட்டுமல்ல, கீற்று தருகிற தென்னையும் சேர்ந்து சாய்ந்தது. அதன்பின் பல வீடுகளில் தகரமும் சிமெண்ட் ஷீட்டும் ஏறின. ஏறியது வசதியால் அல்ல, கீற்று கிடைக்காததால். ஆக, அரசின் ஒரு கை காங்கிரீட் கூரை கொடுக்கிறது. அதே அரசின் கடைசிக் கை, அதாவது ஊராட்சி, 'ஓ, காங்கிரீட்டா' என்று மேல் விகிதத்தில் எழுதுகிறது. அந்த வீட்டுக்குள் இருப்பவர் நேற்றைக்குப் போன அதே கரும்பு வெட்டுக்கு, அதே சித்தாள் வேலைக்குத்தான் இன்றைக்கும் போகிறார். அரசுப் பணம் போதாமல் வீட்டை முடிக்க வாங்கிய கடன் வேறு. கூரை என்ற குறிக்கும் வறுமை என்ற குறிப்பீட்டுக்கும் நடுவில் இருந்த கயிறு அறுந்துவிட்டது. வரிப் பதிவேடு மட்டும் அறுந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

தொகை சின்னதுதானே, வருஷத்துக்கு இவ்வளவு கட்ட முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. தொகை சின்னதுதான். ஆனால் அது தனியாக வருவதில்லை. வீட்டு வரியோடு குடிதண்ணீர்க் கட்டணமும் பழைய பாக்கியும் சேர்ந்து வருகின்றன. எங்கே என்றால், ஜனங்களுக்கு ஊராட்சியிடமிருந்து ஏதாவது ஒரு காகிதம் தேவைப்படுகிற நேரத்தில். பாக்கியைக் கட்டினால்தான் காகிதம்.

இப்படியொரு பேச்சை எந்த ஊராட்சி அலுவலகத் திண்ணையிலும் கேட்கலாம்:

"அப்பத்தா, ரெண்டு வருசத்து வரி நிக்கிது."

"கட்டிப்புடுறேன் தம்பி. யாரு இல்லேங்கிறா? ரசீத மட்டும் மறக்காமப் போட்டுக் குடு. கரண்டு ஆபீசுல அதத்தான் கேக்குறாக."

"ஒங்க வீட்டுக்கெல்லாம் வரி வேணாம்னு சர்க்கார்ல சொல்லிட்டா?"

"வேணாம்னா பின்ன ரசீது?"

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயம் மொத்தமும் இருக்கிறது. மின் இணைப்புக்கு, முகவரிச் சான்றுக்கு, கடனுக்கு, சில நேரம் பாகப் பிரிவினைப் பஞ்சாயத்துக்குக்கூட, வீட்டு வரி ரசீது வேண்டும். பத்திரமும் பட்டாவும் உள்ளவருக்கு அது பத்தோடு பதினொன்று. புறம்போக்கில் குடியிருப்பவருக்கோ, நத்தத்தில் பட்டா இல்லாமல் மூன்று தலைமுறையாக இருப்பவருக்கோ அது ஒன்றுதான் ஒன்று. வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது, அனுபோகத்துக்கு ஒரு சான்று மட்டுமே என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. சட்டப்படி சரி. ஆனால் வேறு எதுவும் இல்லாதவருக்கு அந்த 'மட்டுமே' எவ்வளவு பெரியது!

இதைவிட விசித்திரமான ஒன்று பி மெமோ. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் அரசுப் புறம்போக்கில் இருப்பவருக்கு வருவாய்த்துறை தருகிற அபராத நோட்டீசு அது. 'நீ ஆக்கிரமிப்பாளர், தண்டம் கட்டு' என்று சொல்கிற காகிதம். அதைக் கட்டி, அந்த ரசீதுகளை டிரங்குப் பெட்டியில் வருஷவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பட்டா கேட்டு மனு கொடுக்கும்போது 'பாருங்க, எத்தன வருசமா இங்க இருக்கோம்' என்று எடுத்து நீட்டுகிறார்கள். தண்டனையின் பிரதியை உரிமையின் பிரதியாக வாசிக்கிறார்கள். எதிர்வாசிப்பு, மறுவாசிப்பு என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை டிரங்குப் பெட்டிக்காரர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். அபராதத்தைக்கூடப் பத்திரப்படுத்துகிறவரிடம் போய் 'உனக்கு வரியே வேண்டாம், பதிவும் வேண்டாம்' என்று சொன்னால் அவர் அதைச் சலுகை என்று கேட்பாரா, தலைக்கட்டு வரி மறுப்பு என்று கேட்பாரா?

ரசீதில் யார் பெயர் என்பது இன்னொரு சிக்கல். 1991இல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் பரவியபோது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்துக் கூட்டக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். நாடே பேசியது. சொந்தப் பெயரை எழுதக் கற்றவர்களின் வீட்டு ரசீதில் பெரும்பாலும் இருந்தது புருஷன் பெயர், அல்லது செத்துப்போன மாமனார் பெயர். பெயர் மாற்ற வேண்டுமென்றால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், மற்ற வாரிசுகள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே விதவைக்கு, ஆதரவற்ற பெண்ணுக்கு வரிச்சலுகை என்று அறிவித்தால் முதல் தடங்கல் இங்கேயே வந்துவிடும். பதிவேட்டின்படி அந்த வீட்டின் உரிமையாளர் இன்னும் அந்தச் செத்துப்போன மாமனார்தான். வசிப்பவருக்குச் சலுகை என்று எழுதினாலொழிய அது அவர் கைக்கு வராது.

சரி, நகரத்தில் இப்போது என்ன சலுகை இருக்கிறது? 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரி உயர்ந்தது. புதுக்கோட்டை போன்ற நகரங்களில் 600 சதுர அடி வரையான குடியிருப்புக்கு 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100. சின்ன வீட்டுக்குக் குறைந்த உயர்வு என்பதே ஏழைக்கான சலுகையாகச் சொல்லப்பட்டது. உயர்த்தியதற்குக் காரணமும் சொல்லப்பட்டது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூல் கூட வேண்டும், அப்போதுதான் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று பதினைந்தாவது நிதிக்குழு நிபந்தனை வைத்திருந்தது. திருக்கோகர்ணத்தில் இருக்கிற ஒரு வீட்டின் வரியை நிர்ணயிக்கிற கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உள்ளாட்சி என்ற சொல்லில் 'ஆட்சி' எங்கே?

இன்னொரு சலுகை, அரையாண்டின் முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரையாண்டு வரி 300 ரூபாய் என்றால் 15 ரூபாய் மிச்சம். முழு 5,000 மிச்சமாக வேண்டுமென்றால் அரையாண்டு வரி ஒரு லட்சமாக இருக்க வேண்டும். முன்கூட்டிக் கட்டக் கையில் காசுள்ளவருக்கே சலுகை. கூலி வந்த பிறகு கட்டுகிறவருக்கு அது இல்லை. இதை நிர்வாகத் திறமை என்று சொல்லிக்கொள்ளட்டும், நிவாரணம் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை நகராட்சி மாநகராட்சியானது. சுற்றியுள்ள ஊராட்சிகளைச் சேர்க்கும் பேச்சு வந்ததும் எதிர்ப்பும் வந்தது. நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடிவிடும் என்பதுதான் ஜனங்களின் பயம். நகர வளர்ச்சி புரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்வது சுலபம். வேலை ஊராட்சியில் இருந்தால் மட்டும் கிடைத்தது, வரி மாநகராட்சியில் இருந்தால் கூடுகிறது. கூட்டல் கழித்தல் தெரிந்தவர் பயப்படாமல் என்ன செய்வார்? ஊராட்சிகளின் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். கிராம சபையில் கேட்கலாம், பதில் சொல்ல மன்றம் இல்லாமல் போனது.

வெளியே என்ன செய்திருக்கிறார்கள்? மும்பையில் 2022 ஜனவரி முதல் 500 சதுர அடி வரை வீட்டு வரி இல்லை. கேரளத்தில் 2023இல், சொந்தமாகக் குடியிருக்கும் 60 சதுர மீட்டர் வரையான வீட்டுக்கு விலக்கு தந்தார்கள். அளவுகோல் எளிது, யாரிடமும் சான்றிதழ் கேட்க வேண்டாம், கையூட்டுக்கு இடம் குறைவு. நல்லதுதான். ஆனால் பரப்பு என்பதும் கூரையைப் போல இன்னொரு குறிதான். மும்பையில் 500 சதுர அடி பல லட்சம் பெறும். இங்கே திருமயம் பக்கம் இடிந்துகொண்டிருக்கிற பழைய ஓட்டு வீடு 1500 சதுர அடி இருக்கும், உள்ளே ஒரே ஒரு கிழவி இருப்பார்.

அமெரிக்காவில் வேறொரு வழி வந்தது. 1964இல் விஸ்கான்சின் மாநிலம் முதியோருக்காகத் தொடங்கியது. வீட்டில் கரண்டு சுமை மிஞ்சினால் பிரேக்கர் தானாக விழுகிறதல்லவா, அதன் பெயரையே இதற்கும் வைத்தார்கள். வருமானத்தில் இத்தனை பங்குக்கு மேல் சொத்து வரி போனால் மிஞ்சிய தொகையை மாநிலம் திருப்பித் தரும். இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். வீட்டுக்காரர் பதிவேட்டில் இருக்கிறார். உள்ளாட்சி தன் வரியை இழப்பதில்லை, இழப்பை ஏற்பது மாநிலம். இதற்கு நேர் எதிர் 1978இல் கலிபோர்னியாவில் நடந்தது. வரி கட்ட முடியாமல் வீட்டை விற்கும் முதியவர்களைக் காட்டி ஓட்டுக் கேட்டார்கள். வரி விகிதத்துக்கு ஒரு சதவீத உச்சவரம்பு, மதிப்பீடு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் உயரக்கூடாது என்று சட்டமானது. அந்த வரம்பு கம்பெனிக் கட்டடங்களுக்கும் சேர்த்துத்தான். ஏழையின் பெயரால் வந்த சலுகையின் பெரும்பகுதி யாருக்குப் போனது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரேக்கர் முறையை அப்படியே இங்கே பெயர்த்து நடமுடியாது. வருமானத்தை நிரூபிக்க வருமானச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்துக்கு ஒரு நடை, வி.ஏ.ஓ.வுக்கு ஒரு நடை, அன்றைய கூலி போச்சு. நூறு இருநூறு ரூபாய்ச் சலுகைக்காக முந்நூறு ரூபாய் இழக்க யாரும் வரமாட்டார்கள். ஆனால் அரசிடம் ஏற்கெனவே பட்டியல்கள் இருக்கின்றன. முதியோர் உதவித்தொகைக்கு ஒன்று, 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகைக்கு இன்னொன்று. பின்னதற்கு ஆண்டு வருமானம், நிலம், மின்சார உபயோகம் என்று அளவுகோல் வைத்து வீட்டு வாரியாகத் தேர்ந்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல்களில் குறைகள் உண்டு, விடுபட்டவர்கள் உண்டு. ஆனாலும் கூரையைவிட அவை வறுமைக்குக் கிட்டத்தில் இருக்கின்றன. 2023 முதல் ஊராட்சி வரியும் இணையத்துக்கு வந்துவிட்டது. இரண்டு பதிவுகளையும் பொருத்துவது தொழில்நுட்பத்தால் முடியாத காரியமல்ல.

அப்படிப் பொருத்தினால் செய்யக்கூடியது இதுதான். அந்தப் பட்டியலில் உள்ள குடும்பத்துக்கு வரி பூஜ்யம் அல்ல, பெயரளவுக்கு ஒரு தொகை. பத்து ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். வசிப்பவர் பெயரில் கேள்வி, வசிப்பவர் பெயரில் ரசீது. அரசுத் திட்டத்தில் கட்டிய வீடு என்றால் காங்கிரீட் விகிதம் பொருந்தாது, குறைந்தது அந்தக் குடும்பம் அந்த வீட்டில் இருக்கும்வரை. புறம்போக்கு வீட்டுக்கும் அதே பத்து ரூபாய் ரசீது. அது உரிமையைத் தராது என்று கீழே அச்சடித்துக்கொள்ளட்டும்.

மீதித் தொகையை யார் தருவது? ஊராட்சிகள் வசூலிக்கிற வீட்டு வரிக்கு நிகராக அரசு 'வீட்டு வரி இணை மானியம்' என்று ஒன்று கொடுத்த காலம் உண்டு. அதன் தர்க்கப்படி ஏழைகள் நிறைந்த ஊராட்சி குறைவாக வசூலிக்கும், குறைவாகவே மானியமும் வாங்கும். வசதியான ஊராட்சிக்கு இரண்டு பக்கமும் லாபம். இதைத் திருப்பிப் போட வேண்டும். எந்த ஊராட்சி எத்தனை குடும்பத்துக்கு வரியைக் குறைத்ததோ அந்த வித்தியாசத்துக்கு இணை மானியம் வரவேண்டும். இல்லாவிட்டால் சலுகையின் செலவு அதே குடும்பங்களின் தெருவிளக்கிலும் தண்ணீர்க் குழாயிலும்தான் கழிக்கப்படும். கறம்பக்குடிப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் கைப்பம்பு ரிப்பேரானால் அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கிளார்க்கைக் கேட்டால் அவர் சொல்வார், வரி இனத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்று.